பல்லில் படியும் படலத்தை எது உடைக்கும்? பிரஷ், ஃபிளாஸ், மவுத்வாஷ், நல்லெண்ணெய்: எதற்குக் காசு செலவழிக்கலாம்

சிங்கப்பூர் முஸ்தபா சென்டர் கடையில் பற்பசை வரிசைக்கு முன்னால் நின்றால் யாருக்கும் குழப்பம் வரும். ஒரு பக்கம் வேம்பும் கிராம்பும் போட்ட பசைகள். இன்னொரு பக்கம் நீலமும் பச்சையுமாக மவுத்வாஷ் பாட்டில்கள். அப்புறம் பேட்டரி பிரஷ், சார்ஜ் போடும் பிரஷ், ஃபிளாஸ் நூல், தண்ணீர் பீய்ச்சும் கருவி. பல் மருந்தகத்தில் ஸ்கேலிங் (பல்லில் கெட்டியாகப் படிந்ததைச் சுரண்டி எடுப்பது) செய்யும் வேலையில் இருப்பதால் நான் அடிக்கடி கேட்கும் கேள்வி இது: “இத்தனையில எதை வாங்கணும், சொல்லுங்க சிஸ்டர்.”

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முப்பது வயதைத் தாண்டியவர், ஐம்பது வெள்ளிக்கு (சிங்கப்பூர் டாலர்) மேல் ஒதுக்க முடியாது என்றால், மென்மையான சாதாரண பிரஷ் ஒன்று, ஃபுளோரைடு பற்பசை ஒன்று, உங்கள் பல்லிடுக்குக்குப் பொருந்தும் அளவில் இடுக்குப் பிரஷ் ஒரு பாக்கெட் வாங்குங்கள். மிச்சக் காசை ஸ்கேலிங்குக்கு எடுத்து வையுங்கள். எலக்ட்ரிக் பிரஷ் சிலருக்கு உண்மையிலேயே தேவை. மவுத்வாஷ் பெரும்பாலானோருக்குத் தேவையில்லை. இந்த வரிசை ஏன் என்று புரிய வேண்டுமானால் பல்லின் மேல் என்ன நடக்கிறது என்று கொஞ்சம் பார்க்க வேண்டும்.

நன்றாகத் தேய்த்து முடித்த பல் சில நிமிடங்கள்கூட வெறுமையாக இருப்பதில்லை. எச்சிலில் உள்ள புரதங்கள் உடனே அதன்மேல் மெல்லிய பூச்சாகப் படிகின்றன. அந்தப் பூச்சில் முதலில் வந்து ஒட்டுபவை ஸ்ட்ரெப்டோகாக்கஸ் வகைக் கிருமிகள், கூடவே ஆக்டினோமைசிஸ். இவை பெரும்பாலும் சாதுவானவை, எல்லோர் வாயிலும் இருப்பவை. ஒட்டியதும் பெருகுகின்றன, தங்களைச் சுற்றிப் பசை போன்ற ஒரு பொருளைச் சுரக்கின்றன. சர்க்கரையிலிருந்து செய்த மாவுப்பொருள், புரதம், செத்த கிருமிகளிலிருந்து கசிந்த டிஎன்ஏ எல்லாம் கலந்த பசை அது. நாம் சாப்பிடும் வெள்ளைச் சர்க்கரையை எடுத்து இந்தப் பசையைத் தயாரிப்பதில் கெட்டிக்காரக் கிருமி ஸ்ட்ரெப்டோகாக்கஸ் மியூட்டன்ஸ். சொத்தைக்கு முக்கியக் காரணமான கிருமிகளில் ஒன்று அது.

நாள் ஆக ஆகப் படலம் தடிக்கிறது. உள்ளே ஆக்சிஜன் குறைகிறது. அப்போதுதான் ஃபியூசோபாக்டீரியம் என்ற நீண்ட, ஊசி போன்ற கிருமி முக்கியமாகிறது. முதலில் வந்தவற்றையும் பின்னால் வருபவற்றையும் இரண்டு பக்கமும் பிடித்து இணைப்பது அதுதான். அதைப் பற்றிக்கொண்டு, ஆக்சிஜன் இல்லாத இடத்தை விரும்பும் போர்ஃபைரோமோனாஸ் ஜின்ஜிவாலிஸ் போன்றவை ஈறின் ஓரத்துக்கு அடியில் குடியேறுகின்றன. ஈறைச் சிதைத்து, பல்லைத் தாங்கும் எலும்பு கரையக் காரணமாவது இந்தக் கூட்டம். கிருமிகள் வேதிப்பொருள் வழியாக ஒன்றுக்கொன்று சேதி சொல்லிக்கொள்கின்றன, ஒன்றின் கழிவு இன்னொன்றுக்கு உணவாகிறது. இப்படிப் பசைக்குள் கூடி வாழும் கிருமிக் கூட்டத்துக்குத்தான் பயோஃபிலிம் என்று பெயர். உங்கள் வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டுக் குளியலறையில் தண்ணீர் வடியும் துளையைத் திறந்தால் விரலில் வழவழவென்று ஒட்டுமே, அதுவும் பயோஃபிலிம்தான். வாயில் இருக்கும்போது அதைப் பிளேக் என்கிறோம்.

இந்தப் பசையைக் கடந்து மருந்து உள்ளே போவது கஷ்டம். உள்ளே இருக்கும் கிருமிகளில் பல அரைத்தூக்க நிலையில் இருப்பதால், போகும் மருந்தும் அவற்றைச் சரியாகத் தாக்காது. தனியாக மிதக்கும் கிருமியைக் கொல்லத் தேவைப்படும் அளவைவிட நூறு மடங்கு, சில நேரம் ஆயிரம் மடங்கு மருந்து படலத்துக்குள் இருப்பதற்குத் தேவைப்படலாம். இது புதிதாகக் கண்ட விஷயமும் இல்லை. நெதர்லாந்தின் டெல்ஃப்ட் நகரத்துத் துணி வியாபாரி லீவென்ஹூக், 1680களில் தன் பல்லிலிருந்து சுரண்டிய வெள்ளைப் பொருளைத் தானே செய்த நுண்ணோக்கியில் பார்த்து, உள்ளே உயிர்கள் ஓடுவதைக் கண்டார். வினிகர் ஊற்றியும் பார்த்தார். மேலே இருந்தவை செத்தன, உள்ளே இருந்தவற்றை வினிகர் எட்டவில்லை என்று எழுதி வைத்தார். மவுத்வாஷ் விளம்பரம் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அவர் ஞாபகம் வரும்.

அதனால், வாங்கப்போகும் எந்தப் பொருளையும் ஒரே கேள்வியால் எடை போடலாம்: இது படலத்தை உரசிப் பிய்க்குமா, எந்த இடத்தில்?

உரசினால் போதும் என்பதற்குச் சான்று டென்மார்க்கில் 1965ல் வெளியான ஓர் ஆய்வு. ஹரால்ட் லோவும் அவர் சகாக்களும் ஆரோக்கியமான ஈறு உள்ள 12 பேரைப் பல் தேய்க்கவே வேண்டாம் என்று விட்டார்கள். 10 முதல் 21 நாளுக்குள் அத்தனை பேருக்கும் ஈறு வீங்கியது. மறுபடி சுத்தம் செய்யத் தொடங்கியதும் ஏறக்குறைய ஒரு வாரத்தில் சரியானது. மருந்து எதுவும் தேவைப்படவில்லை. எலும்பு கரையாத ஆரம்ப நிலையில் இருப்பவர்களுக்கு இன்றும் இது பொருந்தும். ஈறில் ரத்தம் வருகிறது என்று பயந்துபோய் வருபவர்களிடம் நான் முதலில் சொல்வது இந்தக் கதையைத்தான்.

சரி, பிரஷ்ஷுக்கு வருவோம். எலக்ட்ரிக் பிரஷ் சாதாரண பிரஷ்ஷைவிட நல்லதா? ஆமாம், கொஞ்சம். மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் கோக்ரேன் அமைப்பு 2014ல் ஐம்பதுக்கும் மேற்பட்ட ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்ததில், மூன்று மாதத்துக்கு மேல் பயன்படுத்தியவர்களிடம் பிளேக் 21 விழுக்காடும் ஈறு அழற்சி 11 விழுக்காடும் சாதாரண பிரஷ்ஷைவிடக் குறைவாக இருந்தன. குறிப்பாக, தலை முன்னும் பின்னும் மாறி மாறிச் சுழலும் வகைக்குச் சான்று அதிகம். முப்பது வெள்ளிப் பிரஷ்ஷுக்கும் முந்நூறு வெள்ளிப் பிரஷ்ஷுக்கும் இடையில் அந்த அளவுக்குப் பலன் வித்தியாசம் இருப்பதாக நான் பார்த்ததில்லை. புளூடூத், கைப்பேசிச் செயலி இதற்கெல்லாம் காசு கொடுக்க வேண்டாம். அழுத்தித் தேய்த்தால் எச்சரிக்கும் விளக்கும் இரண்டு நிமிட டைமரும் இருந்தால் போதும்.

யாருக்கு அவசியம் என்று கேட்டால், கை நடுக்கம் உள்ள பெரியவர்கள், மூட்டுவலியில் விரல் மடங்காதவர்கள், பக்கவாதத்துக்குப் பிறகு ஒரு கையால் சமாளிப்பவர்கள், பிறர் தேய்த்துவிட வேண்டியவர்கள். வீட்டில் தாத்தாவுக்கோ பாட்டிக்கோ பணிப்பெண் பல் தேய்த்துவிடுகிறார் என்றால் அந்த வீட்டுக்கு எலக்ட்ரிக் பிரஷ் வாங்கித் தருவது பெரிய உதவி. மற்றவர்கள் சாதாரண பிரஷ்ஷை ஈறும் பல்லும் சேரும் கோட்டில் 45 டிகிரி சாய்த்து வைத்து, சிறு சிறு அசைவாக ஆட்டினால் நல்ல பலன் கிடைக்கும். குறுக்கே பரபரவென்று தேய்ப்பதில் பல்லின் மேட்டுப்பகுதிதான் பளபளக்கும். கோட்டில் இருக்கும் படலம் அப்படியே தங்கும்.

இதை நம்பாதவர்களுக்குப் பிளேக்கைச் சாயம் ஏற்றிக் காட்டும் மாத்திரை ஒன்று இருக்கிறது. பல் தேய்த்த பிறகு அதை மென்று, வாய் முழுக்க எச்சிலைச் சுழற்றித் துப்பிவிட்டு, கண்ணாடியில் உதட்டை விலக்கிப் பாருங்கள். முன்பற்களின் நடுப்பகுதி வெள்ளையாக இருக்கும். ஈறை ஒட்டி மெல்லிய ரோஜா நிறக் கோடு ஓடும். இரண்டு பல் சந்திக்கும் இடத்தில் அந்தக் கோடு தடித்து, முக்கோணமாகத் திரண்டு நிற்கும். வலது கையால் தேய்ப்பவர்களுக்குப் பெரும்பாலும் வலது பக்கக் கோரைப்பல் திருப்பத்தில் கூடுதலாக ஒரு திட்டு இருக்கும். கீழ்வரிசை முன்பற்களின் நாக்குப் பக்கத்தையும் பாருங்கள். எச்சில் சுரப்பி அங்கேதான் திறக்கிறது. எச்சிலில் உள்ள கால்சியம் படிந்து, விட்டுவைத்த படலம் ஓரிரு நாளிலேயே கெட்டிப்படத் தொடங்குகிறது. அதுதான் காரை. காரையாகிவிட்ட பிறகு எந்தப் பிரஷ்ஷாலும் அதை எடுக்க முடியாது.

அந்த முக்கோணத் திட்டுதான் என் கவலையெல்லாம். ஈறு நோய் பெரும்பாலும் தொடங்குவது பல்லிடுக்கில். எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய பிரஷ்ஷாக இருந்தாலும் அதன் முடி அங்கே நுழையாது. ஆகவே முதலில் செலவழிக்க வேண்டிய இடம் இதுதான். இதற்கு மூன்று வழி: ஃபிளாஸ் நூல், இடுக்குப் பிரஷ், தண்ணீர் பீய்ச்சும் வாட்டர் ஃபிளாசர்.

ஃபிளாஸ் நல்ல பொருள்தான். ஆனால் சரியாகச் செய்பவர்கள் மிகக் குறைவு. நூலை இடுக்கில் இறக்கி ஏற்றினால் சோற்றுப் பருக்கை வரும், படலம் வராது. நூலைப் பல்லைச் சுற்றி வளைத்துப் பிடித்து, ஈறுக்குள் லேசாக இறக்கி, பல்லின் பக்கவாட்டை மேலும் கீழும் உரச வேண்டும். அடுத்த பல்லின் பக்கத்தையும் அதேபோல உரச வேண்டும். கடைவாய்ப் பற்களில் இதைத் தினமும் செய்யப் பொறுமை வேண்டும். இன்னொரு சிக்கல், பல்லின் வேர்ப்பக்கம் பல இடத்தில் உள்நோக்கிக் குழிந்திருக்கும். இழுத்துப் பிடித்த நூல் அந்தக் குழியைத் தொடாமல் மேலேயே போகும்.

இடுக்குப் பிரஷ் சின்னக் கம்பியில் முடி சுற்றியது. நுழைத்து ஒன்றிரண்டு முறை முன்னும் பின்னும் இழுத்தால் முடி குழிக்குள்ளும் போய் உரசும். பழகுவது எளிது, எளிதாக இருப்பதால் தொடர்ந்து செய்வார்கள். 2019ல் வந்த இன்னொரு கோக்ரேன் மதிப்பாய்விலும் ஈறு அழற்சியைக் குறைப்பதில் இடுக்குப் பிரஷ் ஃபிளாஸைவிட மேலாக இருக்கக்கூடும் என்றே தெரியவந்தது. சான்றின் உறுதி குறைவு என்று அதிலேயே சொல்லியிருக்கிறார்கள், அதையும் சொல்லிவிடுகிறேன். ஆனால் ஸ்கேலிங் நாற்காலியில் நான் பார்ப்பதும் அதனோடு ஒத்துப்போகிறது. இடுக்குப் பிரஷ் பழகியவர்களின் ஈறு அடுத்த முறை வரும்போது இறுகி, வெளிர் நிறமாக இருக்கும்.

அளவு முக்கியம். பாக்கெட்டில் 0.6, 0.7, 0.8 என்று மில்லிமீட்டரில் போட்டிருப்பார்கள். கம்பி பல்லில் இடிக்காமல் நுழைய வேண்டும், முடி மட்டும் இரண்டு பக்கமும் லேசாக உரச வேண்டும். தள்ளித் திணிக்க வேண்டியிருந்தால் ஓர் அளவு குறையுங்கள். சும்மா வழுக்கிக்கொண்டு போனால் ஓர் அளவு கூட்டுங்கள். பெரும்பாலோருக்கு முன்பல்லுக்கு ஒன்று, கடைவாய்க்கு ஒன்று என இரண்டு அளவு தேவைப்படும். முதல் சில நாள் ரத்தம் வரும். அங்கே ஏற்கெனவே அழற்சி இருப்பதால் வருகிறது, பிரஷ் குத்தியதால் இல்லை. பயந்து நிறுத்திவிடாதீர்கள், தொடர்ந்து செய்தால் குறையும். புகைபிடிப்பவர்களுக்கு மட்டும் ஓர் எச்சரிக்கை: புகை ஈறின் ரத்த ஓட்டத்தை அடக்கிவிடுவதால் நோய் இருந்தாலும் ரத்தம் வராமல் போகலாம். ரத்தம் இல்லை என்பதால் நலம் என்று எண்ண வேண்டாம்.

இருபதுகளில் இருப்பவர்கள், பற்கள் நெருக்கமாக இருப்பவர்கள் ஃபிளாஸோடு இருக்கலாம். வலுக்கட்டாயமாக இடுக்குப் பிரஷ் திணித்தால் ஈறு புண்ணாகும். வாட்டர் ஃபிளாசர் பல்லுக்குக் கம்பி மாட்டியவர்கள், பாலம் கட்டியவர்கள், இம்பிளாண்ட் வைத்தவர்கள் கூடுதலாக வைத்துக்கொள்ள நல்லது. தண்ணீர் உணவுத்துகளை அடித்துத் தள்ளும், இளகிய படலத்தையும் ஓரளவு கலைக்கும். ஒட்டிப்போன படலத்தை உரசியது போலச் சுத்தம் செய்யாது. விலையும் இடமும் அதிகம் பிடிக்கும். பலர் சேர்ந்து ஒரே கைகழுவும் தொட்டியைப் பயன்படுத்தும் வெளிநாட்டு ஊழியர் தங்குவிடுதியில் அதற்கு வழியே இல்லை. அங்கே இருக்கும் தம்பிகளுக்கு நான் சொல்வது சட்டைப்பையில் அடங்கும் இடுக்குப் பிரஷ்தான். கட்டிலில் உட்கார்ந்துகொண்டே செய்துவிடலாம். சாஸ் (CHAS) என்ற அரசு மருத்துவ மானியம் குடிமக்களுக்குத்தான். ‘வொர்க் பெர்மிட்’டில் இருப்பவர்கள் பல்லுக்குச் செலவழிக்க நேர்ந்தால் சம்பளத்தில் பெரிய ஓட்டை விழும். ஆகவே சில வெள்ளியில் முடியும் இந்த வழி அவர்களுக்குத்தான் எல்லோரையும்விட அதிகம் தேவை.

இனி மவுத்வாஷ். குளோர்ஹெக்சிடின் உள்ளது உண்மையான மருந்து. 0.2 விழுக்காடு கரைசலில் 10 மில்லி கொப்பளித்தால் பல்லிலும் ஈறிலும் ஒட்டிக்கொண்டு பல மணி நேரம் வேலை செய்யும். புதிய படலம் உருவாகாமல் தடுப்பதில் கெட்டி. ஏற்கெனவே தடித்த படலத்தை உடைப்பதில் அந்த வினிகர் கதைதான். ஈறு அறுவைச் சிகிச்சை, பல் பிடுங்கியது என்று பிரஷ் வைக்க முடியாத சில நாட்களுக்கு மருத்துவர் எழுதிக்கொடுப்பார். அதற்கு மேல் வாரக்கணக்கில் தொடர்ந்தால் பல்லில் பழுப்புக் கறை ஏறும், நாக்கில் ருசி மாறும். தேத்தண்ணி, கோப்பி குடிப்பவர்களுக்குக் கறை இன்னும் சீக்கிரம் பிடிக்கும். பற்பசையில் நுரைக்காகச் சேர்க்கும் பொருள் இந்த மருந்தின் வேலையைக் குறைக்கும் என்பதால் இரண்டுக்கும் நடுவில் அரை மணி நேரமாவது விட வேண்டும்.

தைமால், யூகலிப்டால் போன்ற எண்ணெய்ச் சத்துகள் உள்ள மவுத்வாஷ்களுக்கும் கொஞ்சம் பலன் உண்டு, பிரஷ்ஷோடும் இடுக்குச் சுத்தத்தோடும் சேர்த்தால். அவற்றுக்குப் பதிலாக வைத்துக்கொண்டால் வாசனையைத் தவிர வேறொன்றும் கிடைக்காது. வாய்நாற்றத்துக்காக மவுத்வாஷ் வாங்குபவர்கள் முதலில் நாக்கு வழியுங்கள். நம் வீடுகளில் காலங்காலமாக இருக்கும் பழக்கம் அது. நாக்கின் பின்பகுதியில் படியும் கிருமிகள் வெளிவிடும் கந்தக வாயுதான் பெரும்பாலும் காரணம்.

நல்லெண்ணெய்க் கொப்பளிப்பு பற்றிக் கேட்காத தமிழ்க் குடும்பம் இல்லை. சில சிறிய ஆய்வுகளில் பிளேக்கும் ஈறு அழற்சியும் ஓரளவு குறைந்ததாகப் பார்த்திருக்கிறார்கள். பிரஷ்ஷுக்குப் பதிலாக அதை நம்பலாம் என்று சொல்லும் அளவுக்குச் சான்று இல்லை. காலையில் பத்து, பதினைந்து நிமிடம் எண்ணெயை வாயில் வைத்திருப்பதற்குப் பதில் இரவில் மூன்று நிமிடம் இடுக்குச் சுத்தம் செய்யுங்கள் என்றே சொல்வேன். பாட்டி பழகிய பழக்கம், விட மனமில்லை என்றால் செய்யட்டும். ஆனால் விழுங்கத் திணறும் முதியவர்களும் குழந்தைகளும் செய்யவே கூடாது. எண்ணெய் மூச்சுக்குழாயில் இறங்கினால் நுரையீரல் பாதிக்கும். வேப்பங்குச்சியின் நார் வெளிப்பக்கத்தை நன்றாகவே உரசும், இடுக்குக்குள் போகாது. அதில் ஃபுளோரைடும் இல்லை.

ஃபுளோரைடு படலத்தை உடைப்பதில்லை. படலம் கக்கும் அமிலத்தால் பல் கரையாமல் காக்கிறது. ஆசியாவிலேயே நாடு முழுவதற்கும் குடிநீரில் ஃபுளோரைடு சேர்த்த முதல் நாடு சிங்கப்பூர், 1950களிலேயே தொடங்கியது. அந்தப் பாதுகாப்பு இருக்கும்போதும் பற்பசையில் ஃபுளோரைடு வேண்டும். தேய்த்து முடித்ததும் துப்பினால் போதும், தண்ணீர் ஊற்றிக் கழுவிவிடாதீர்கள்.

படலத்துக்குத் தீனி போடுவதை நிறுத்துவதும் ஒரு வழிதான், இதற்குக் காசு செலவில்லை. சர்க்கரை உள்ளே போனதும் சில நிமிடத்தில் படலத்தின் பிஎச் (குறையக் குறைய அமிலம் அதிகம் என்று காட்டும் அளவு) 5.5க்குக் கீழே இறங்கி, பல்லின் எனாமல் கரையத் தொடங்குகிறது. எச்சில் அதைச் சரிசெய்ய அரை மணி முதல் ஒரு மணி நேரம் ஆகும். எனவே எவ்வளவு சர்க்கரை என்பதைவிட எத்தனை தடவை என்பது முக்கியம். ஒரு தே தாரிக்கை (சர்க்கரை போட்ட பால் தேநீர்) பத்து நிமிடத்தில் குடித்து முடிப்பவரைவிட, அதே கோப்பையை மேசையில் வைத்துக் காலை முழுக்கச் சப்புபவருக்குச் சொத்தை வரும் வாய்ப்பு அதிகம். உணவங்காடியில் ‘சியூ தாய்’ (சர்க்கரை குறைவாக) என்று கேட்கப் பழகியவர்கள் ஒரு படி மேலே போய் ‘கோசோங்’ (சர்க்கரையே இல்லாமல்) கேட்டுப் பாருங்கள். சாப்பாட்டுக்குப் பிறகு சர்க்கரையில்லாத கம் மென்றால் எச்சில் சுரந்து அமிலம் குறையும். சிங்கப்பூரில் 1992ல் சூயிங்கம்முக்குத் தடை வந்தது. 2004 முதல் பல்லுக்கு நன்மை தரும் வகையைப் பல் மருத்துவரிடமோ மருந்தாளரிடமோ கேட்டு வாங்கலாம். அலைந்து வாங்கும் அளவுக்கு அவசியம் என்று நான் நினைக்கவில்லை.

காரை பிடித்துவிட்டால் ஸ்கேலிங் தவிர வழியில்லை. அரசின் பலதுறை மருந்தகத்தில் கட்டணம் குறைவு, காத்திருப்பு நீளம். தனியார் மருந்தகத்தில் சீக்கிரம் இடம் கிடைக்கும். சாஸ் நீல அட்டை, மூத்தோருக்கான முன்னோடித் தலைமுறை அட்டை, மெர்டேக்கா தலைமுறை அட்டை வைத்திருப்பவர்கள் அத்திட்டத்தில் சேர்ந்துள்ள தனியார் மருந்தகங்களில் ஸ்கேலிங்குக்கும் மானியம் பெறலாம். முன்பதிவு செய்யும்போதே கையிலிருந்து எவ்வளவு கொடுக்க வேண்டும் என்று கேட்டுவிடுங்கள், கூச்சமே வேண்டாம்.

சர்க்கரை நோய் உள்ளவர்கள் இதைத் தள்ளிப்போடவே கூடாது. சிங்கப்பூரில் இந்தியர்களிடையே நீரிழிவு சீனர்களைவிட அதிகம், நம் குடும்பங்களில் இல்லாத வீடு குறைவு. ரத்தத்தில் சர்க்கரை ஏறினால் ஈறு நோய் முற்றுகிறது, ஈறு நோய் முற்றினால் சர்க்கரையைக் கட்டுப்படுத்துவது சிரமமாகிறது. ஈறுக்கு முறையாகச் சிகிச்சை செய்ததில் மூன்று, நான்கு மாதத்தில் எச்பிஏ1சி (சில மாதங்களின் சராசரி ரத்தச் சர்க்கரையைக் காட்டும் அளவு) சராசரியாக 0.4 விழுக்காட்டுப் புள்ளி அளவுக்குக் குறைந்ததாக 2022ல் வந்த கோக்ரேன் மதிப்பாய்வு சொல்கிறது. நீரிழிவு உள்ள அம்மா, அப்பாவுக்கு ஒன்று மட்டும் வாங்கித் தர முடியும் என்றால் விலையுயர்ந்த பிரஷ்ஷை விட்டுவிட்டு ஸ்கேலிங்குக்கு நாள் குறித்து, நீங்களே கூட்டிக்கொண்டு போங்கள்.

பத்து, பதினைந்து நாள் பிரஷ்ஷும் இடுக்குச் சுத்தமும் ஒழுங்காகச் செய்தும் ரத்தம் நிற்கவில்லை, அல்லது பல் ஆடுகிறது, ஈறு இறங்கிப் பல் நீண்டது போலத் தெரிகிறது என்றால் கடையில் வேறு எதையும் தேட வேண்டாம். பல் மருத்துவரிடம் போய், பல்லுக்கும் ஈறுக்கும் நடுவில் உள்ள இடைவெளியின் ஆழத்தை அளக்கச் சொல்லுங்கள். 3 மில்லிமீட்டர் வரை பரவாயில்லை. 4ம் அதற்கு மேலும் இருக்கும் இடங்களில் படலம் உங்கள் கைக்கு எட்டாத ஆழத்துக்குப் போயிருக்கலாம். எந்தெந்தப் பல்லில் எவ்வளவு என்று கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். எந்த இடுக்குக்கு எந்த அளவு பிரஷ் என்பதையும் அந்தத் தாளிலேயே குறித்துத் தரச் சொல்லுங்கள்.